கொல்லாத காப்பகம், குறையும் குட்டிகள்

கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வரை, மீன் கழிவும் உணவகக் குப்பையும் சேரும் இடமெல்லாம் நாய்களும் சேர்கின்றன. அவற்றால் தொல்லை மனிதருக்கு மட்டுமல்ல. ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைகளின் குழிகளையும் நாய்கள் தோண்டிவிடுகின்றன.

‘பிடித்துக் கொன்றால் தீர்ந்தது’ என்பவர்கள் இன்றும் உண்டு. சென்னை மாநகராட்சி பல பத்தாண்டுகள் அதைத்தான் செய்தது, நாய்கள் குறையவில்லை. இரை இருக்கும் தெரு காலியானால் பக்கத்துத் தெரு நாய் வந்து குடியேறும், குட்டி போடும். பெண் நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள்தான். ஆண்டுக்கு இருமுறை ஈனக்கூடும்.

விமானி கேப்டன் வி.சுந்தரமும் அவர் மனைவி உஷாவும் 1959-ல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் விலங்குநல அமைப்பு, கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை 1964-லேயே முன்வைத்தது. மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. 2001-ல் அது நாடு முழுமைக்கும் விதியானது. 2023-ல் புதிய விதிகள் வந்தன.

நடைமுறை எளிது. நாயை வலையில் பிடித்து வந்து, பட்டினி போட்டு, மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்கிறார்கள். ரேபிஸ் தடுப்பூசியும் உண்டு. அடையாளமாகக் காது நுனியில் சிறு வெட்டு. தையல் ஆறும்வரை கூண்டில் வைத்திருந்து, பிடித்த தெருவிலேயே விடுகிறார்கள். அந்த நாய் இனி குட்டி போடாது. புதிய நாயையும் எளிதில் அண்டவிடாது. ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டாலே ரேபிஸ் பரவுவது நிற்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தப் பணியைச் செய்யும் கொல்லாத காப்பகம் என்பது நாய்களை ஆயுளுக்கும் அடைத்துவைக்கும் கொட்டடி அன்று. அடைத்தால் சில மாதங்களில் இடம் நிரம்பும், நோய் பரவும். உள்ளே வருகிற நாய் குணமாகி, கருத்தடை முடிந்து, தெருவுக்கோ தத்தெடுத்தவர் வீட்டுக்கோ போனால்தான் அடுத்த நாய்க்கு இடம் கிடைக்கும். உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22 அன்று, டெல்லி வட்டார நாய்களை மொத்தமாக அடைக்கச் சொன்ன தன் முந்தைய உத்தரவைத் திருத்தியது. ரேபிஸ் கண்டவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பிறகு அதே இடத்தில் விடச் சொன்னது.

இந்தக் கரை அமைந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் உள்ளாட்சிகள் கருத்தடைப் பணிக்கு நிலையான நிதியும் மருத்துவர்களும் ஒதுக்க வேண்டும்; குப்பையை அன்றன்றே அள்ள வேண்டும். நாய் வளர்ப்பவர்களே, உங்கள் நாய்க்கும் கருத்தடை செய்யுங்கள். குட்டிகளை அட்டைப் பெட்டியில் வைத்துச் சாலையோரம் விடாதீர்கள். அடுத்த நாயைக் காசு கொடுத்து வாங்காமல் காப்பகத்திலிருந்து அழைத்து வாருங்கள்.