காலக்கோட்டுக்கு அளவு வகுத்தல்

தச்சன் தொழிலைத் தொடங்குமுன் இரண்டு காரியங்களைச் செய்கிறான்: உளியைத் தீட்டுகிறான், அளவுகோலைத் தெரிந்தெடுக்கிறான். உளி மழுங்கினால் வேலையின் நடுவிலும் தீட்டிக்கொள்ளலாம். ஆனால், நிலையை ஓரளவாலும் கதவை வேறோரளவாலும் செய்தவனுக்கு அவ்விரண்டும் பொருந்தாமை கடைசியிலேதான் தெரியவரும். கணினியிற் படத்தொகுப்புச் செய்வோர் கற்கவேண்டிய முதற் பாடமும் இதுவே.

படத்தொகுப்பு மென்பொருளில், திரையின் கீழ்ப்பகுதியில் இடமிருந்து வலமாக நீண்டு கிடப்பது காலக்கோடு எனப்படும். டைம்லைன் என்று வழங்குவாரும் உளர். படத்துண்டுகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. காட்சிக்கும் ஒலிக்கும் தனித்தனித் தடங்கள் உண்டு. பிலிம் சுருளை வெட்டி ஒட்டிய காலத்தில் சுருளின் நீளமே காலத்தைக் காட்டிற்று. 35 மில்லிமீற்றர் பிலிமில் ஓரடிக்கு 16 படங்கள்; செக்கனுக்கு 24 படங்கள் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. கணினியிலோ கையால் அளக்கத்தக்க சுருள் இல்லை. செக்கனுக்கு எத்தனை படங்கள் என்பது வரையறுக்கப்பட்டாலன்றிக் காலக்கோட்டுக்கு அளவு என்பதே இல்லை.

மென்பொருளில் மாற்றியமைக்கத்தக்கவை இருவகைப்படும். ஒன்று, படத்துக்கு உரிய அமைப்பு. மற்றது, தொகுப்பவருடைய விருப்பம். முன்னது முடிந்த படத்தோடு சென்று, காண்போர் கண்ணுக்குப் புலனாவது. பின்னது பெரும்பாலும் தொகுப்பவரின் மேசையோடு நின்றுவிடுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனாலேயே இடர்கள் பல விளைகின்றன.

அமைப்புக்களுள் தலையாயது படவேகம். பேசும்படம் பரவிய காலந்தொட்டுச் சினிமாவின் வேகம் செக்கனுக்கு 24 படங்களாக நிலைபெற்றது. மின்னோட்டம் 50 ஹேர்ட்ஸ் ஆகவுள்ள நாடுகளிற் பெரும்பாலானவற்றின் தொலைக்காட்சி 25 படங்களைக் கைக்கொண்டது. 1982 ஆம் ஆண்டில் ஒளிபரப்பைத் தொடங்கிய இலங்கை ரூபவாகினியும் இவ்வழியையே மேற்கொண்டது. 60 ஹேர்ட்ஸ் மின்னோட்டமுடைய அமெரிக்காவில் வேகம் முதலில் 30 ஆக இருந்தது. 1953 ஆம் ஆண்டில் வர்ண ஒளிபரப்புக்கு வகுக்கப்பட்ட முறையில், நிறத்தைச் சுமக்கும் அலையும் ஒலியைச் சுமக்கும் அலையும் ஒன்றையொன்று குலைக்காதிருத்தற்பொருட்டு அது 29.97 ஆகக் குறைக்கப்பட்டது.

இந்தச் சிறு குறைப்பின் விளைவு சிறிதன்று. 29.97 வேகத்தில் ஓடும் படங்களைச் செக்கனுக்கு 30 என எண்ணிக்கொண்டு போனால், எண்ணிக்கை ஒரு மணி என்று காட்டும்போது உண்மையில் ஒரு மணியும் 3.6 செக்கனும் கழிந்திருக்கும். இதனை ஈடுசெய்யவே அங்கு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இரண்டு எண்களைத் தாண்டி எண்ணும் முறை ஏற்பட்டது. ஒவ்வொரு பத்தாவது நிமிடத்துக்கும் விலக்கு உண்டு. மணிக்கு 54 நிமிடங்களில் இரண்டிரண்டாக 108 எண்கள் தாண்டப்படுகின்றன. தாண்டப்படுவன எண்களே, படங்களல்ல.

அளவு பிழைத்தால் நேர்வது யாது? ஒரு திருமண வீட்டுப் படத்தை எடுத்துக்கொள்வோம். கமராவால் எடுத்த காட்சிகள் அனைத்தும் 25 வேகத்தில் உள்ளன. உறவினர் ஒருவர் கைத்தொலைபேசியால் எடுத்த துண்டு ஒன்று மட்டும் 30 வேகத்தில் இருக்கிறது. தொகுப்பவர் அத்துண்டையே முதலிற் காலக்கோட்டில் வைக்கிறார். முதலில் வரும் துண்டின் அளவையே காலக்கோட்டின் அளவாக ஏற்றுக்கொள்வது பைனல் கட் புறோவின் இயல்பு. டவின்சி றிசோல்வும் பிறீமியர் புறோவும் துண்டின் அளவு வேறுபடுமிடத்து, அதற்கேற்ப மாற்றலாமா என வினவும். வினாவை வாசியாது ஆமெனச் சொல்வோரே பலர். அதன்பின் வைக்கப்படும் கமராக் காட்சி ஒவ்வொன்றிலும், செக்கனுக்கு ஐந்து படங்கள் இருமுறை காட்டப்பட்டு 25 என்பது 30 ஆக நிரப்பப்படுகிறது. நிலையாக அமர்ந்திருப்போரின் காட்சியில் இது தெரியாது. மணமக்கள் மெல்ல வலம் வருகையிற் படம் தத்தித் தத்திச் செல்லும்.

பைனல் கட் புறோவில் முதற்றுண்டு வைக்கப்பட்டபின் படவேகத்தை மாற்ற இயலாது. படத்தின் நீள அகலத்தைப் பின்னும் மாற்றலாம். றிசோல்விலும், காட்சிகள் உள்ளே கொண்டுவரப்பட்டபின் திட்டத்தின் படவேகம் பூட்டப்பட்டுவிடுகிறது. வேறு வேகத்திற் புதிய காலக்கோடு அமைத்து யாவற்றையும் பெயர்ப்பதே எஞ்சிய வழி. அவ்வாறு பெயர்க்கையில் வெட்டுக்கள் அண்மையிலுள்ள படத்துக்கு நகர்வதால், ஒவ்வொரு வெட்டையும் மீளப் பார்த்தல் வேண்டும். பல நாள் உழைப்புக்கு இது பெருந் தண்டனையாகும்.

இனி விருப்பங்கள். தடங்களின் உயரத்தைக் கூட்டலாம். ஒலியலையின் வடிவத்தைக் காட்டலாம், மறைக்கலாம். ஒரு துண்டை நகர்த்துகையில் அது அடுத்த துண்டின் விளிம்போடு தானாக ஒட்டிக்கொள்ளும் வசதி உண்டு. பிறீமியரில் எஸ் என்னும் எழுத்தும், ஏனைய இரண்டிலும் என் என்னும் எழுத்தும் அதனை இயக்கவும் நிறுத்தவும் உதவும். துண்டுகளுக்கிடையே கறுப்பு இடைவெளி விழாது காப்பது இதுவே. வசனத்தின் நடுவே நுண்ணிதாக நகர்த்தும்போது இடையூறாவதும் இதுவே. வேலையைத் தானே சேமித்துவைக்கும் இடைவேளையையும் குறைத்துக்கொள்ளலாம். இவை எவ்வளவு மாறினும் படத்துக்குத் தீங்கில்லை.

இருவகைக்கும் நடுவே நிற்பது ஒன்று உண்டு. அசையாப் படம் எத்தனை செக்கன் நிற்கவேண்டும் என்பது பிறீமியரில் விருப்பங்களோடு வைக்கப்பட்டிருப்பினும், படத்திலேயே பதிவது. அதனை மாற்றினால், பின்னர் கொண்டுவரும் படங்களுக்கே புதிய அளவு பொருந்தும். முன்னர் கொண்டுவந்தவை பழைய அளவிலேயே நிற்கும்.

ஆதலால், முதற்றுண்டை வைக்குமுன் இரண்டு வினாக்களுக்கு விடை காணல் நன்று. இப்படம் எங்கே காட்டப்படப்போகிறது? காட்சிகளிற் பெரும்பாலானவை எவ்வேகத்தில் எடுக்கப்பட்டன? இவ்விரு விடைகளும் ஒத்திருப்பின் அதுவே காலக்கோட்டின் அளவு. ஒவ்வாதவிடத்து, காட்டப்படும் இடம் கேட்கும் அளவுக்கே முதன்மை தரல் வேண்டும். அதனை நிறுவியபின் தடங்களையும் திரையையும் தத்தம் கண்ணுக்கும் கைக்கும் இசைய மாற்றிக்கொள்ள நேரம் நிறைய உண்டு.