மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வருகிறது?

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்த பிறகு, பல பெண்களுக்கு மருத்துவர் ஒரு சின்ன மாத்திரையை எழுதிக் கொடுக்கிறார். தினம் ஒன்று, குறைந்தது 5 வருடம். 'கட்டியைத்தான் எடுத்தாகிவிட்டதே, இது எதற்கு?' என்று நம் வீடுகளில் கேட்கிறோம். மூட்டுவலி வந்ததும் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுபவர்களும் உண்டு. அந்த மாத்திரை எதைத் தடுக்கிறது என்று தெரிந்தால் அப்படி நிறுத்தத் துணிய மாட்டோம்.

மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவை. பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்று இருப்பது இதைத்தான். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் அந்த ஏற்பியோடு இணைந்ததும், செல் பிரிந்து பெருகத் தேவையான மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன.

மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜனைப் பெரும்பாலும் சினைப்பைகளே சுரக்கின்றன. நின்ற பிறகு அந்த வேலையைச் செய்வது அரோமட்டேஸ் என்ற நொதி. பெண்களின் உடலிலும் ஆண் ஹார்மோன்கள் சிறிதளவு உண்டு. அவற்றை இந்த நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. உடலின் கொழுப்பில், குறிப்பாக மார்பகத்தின் கொழுப்பிலேயே, இது நடக்கிறது.

அரோமட்டேஸை உருவாக்கும் மரபணு ஒன்றுதான். ஆனால் அதை இயக்கும் சுவிட்சுகள் பல. சாதாரண மார்பகக் கொழுப்பில் இயங்குவது வலுக்குறைந்த சுவிட்ச். புற்றுநோய்க் கட்டி வந்துவிட்டால், கட்டியும் அதைச் சுற்றியுள்ள அழற்சியும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை வெளியிடுகின்றன. அது வலுவான வேறு சுவிட்சைப் போட்டுவிடுகிறது. பக்கத்துச் செல்கள் ஈஸ்ட்ரோஜனை அதிகமாக உற்பத்தி செய்ய, கட்டி அதைக் கொண்டு வளர்கிறது. இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருக்கும்போதே கட்டிக்குள் பல மடங்கு இருப்பது இதனால்தான். உடல் பருமனிலும் கொழுப்புத் திசுவில் அழற்சி இருப்பதால் அரோமட்டேஸ் கூடுகிறது.

லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகிய மூன்று மாத்திரைகளும் இந்த நொதியைத்தான் தடுக்கின்றன. இவ்வகை மருந்துகளுக்கு 1970களில் அடித்தளமிட்டவர்களில் முக்கியமானவர் ஏஞ்சலா பிரோடி என்ற பெண் விஞ்ஞானி. கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது தங்கியிருக்கும் செல்களுக்கு உணவு போய்ச் சேரக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனை வருடம்.

மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு இவை மட்டும் போதாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளை சினைப்பையை மேலும் தூண்டிவிடும். ஆகவே சினைப்பையின் இயக்கத்தை நிறுத்தும் ஊசியும் சேர்த்துத் தருகிறார்கள். இதே தூண்டுதலைப் பயன்படுத்தித்தான், கரு முட்டை வளர்வதற்காகக் குழந்தையில்லாத தம்பதியருக்கும் லெட்ரோசோலைச் சில நாட்கள் கொடுக்கிறார்கள். 'பிள்ளைக்காகக் கொடுக்கிற மாத்திரையை நம் உம்மாவுக்கு ஏன் கொடுத்தார்கள்?' என்று குழம்ப வேண்டியதில்லை.

மூட்டுவலியும் எலும்புத் தேய்மானமும் இந்த மருந்தின் உண்மையான தொல்லைகள்தாம். எலும்பின் அடர்த்தியைப் பரிசோதிக்கலாம்; கால்சியமும் வைட்டமின் டியும் தருவார்கள். தாங்க முடியாவிட்டால் மூன்றில் வேறொன்றுக்கோ, ஏற்பியையே அடைக்கும் டாமோக்ஸிஃபெனுக்கோ மருத்துவர் மாற்றித் தர முடியும். இதை வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். ரமளானில் நோன்பு வைக்க மருத்துவர் அனுமதித்திருந்தால் மாத்திரையை விட வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு ஒன்றுதான் என்பதால் ஸஹரிலோ இஃப்தாருக்குப் பிறகோ எடுத்துக்கொள்ளலாம். எக்ஸிமெஸ்டேன் மட்டும் சாப்பிட்ட பிறகு.