கையேடு எழுதுபவர் திரையைப் பற்றிப் பேசலாமா?

கொல்லிமலை வாசலூர்பட்டியில் மிளகு போட்டிருக்கும் ஒருவர், மகளின் கல்லூரிக்கு வருமானச் சான்று வாங்கச் செம்மேட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்குள்ள அரசு இ-சேவை மையத்தில் முதல் தடவையென்றால் ‘கேன்’ என்னும் குடிமக்கள் எண்ணுக்குப் பதிய வேண்டும். அதற்குக் கைபேசியில் ஓடிபி வர வேண்டும். கைபேசியோ வீட்டில், சிக்னல் எட்டாத மூலையில். “கேன்னா என்ன சார், தண்ணி கேனா?” என்பார்.

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதுதான் தொழில்நுட்ப எழுத்தாளரின் பிழைப்பு. ‘கேன் எண்ணைப் பதிவு செய்க’ என்று ஒரு வரி எழுதியதுமே, அது எதற்கு, எங்கே கிடைக்கும் என்று இன்னும் மூன்று வரி சேர்க்க வேண்டியிருக்கிறது. விளக்கம் நீள்கிற இடத்தில் பெரும்பாலும் திரையில்தான் கோளாறு. நிரலாளருக்குப் பழகிப்போன அந்தத் திரையில் முதலில் தடுக்கி விழுபவர் எழுத்தாளர். “உங்க வேலை எழுதுறது மட்டும்” என்று இவரை உட்கார வைப்பது நிறுவனத்துக்குத்தான் நஷ்டம்.

அதற்காக இவர் சொல்வதெல்லாம் வேதமும் இல்லை. நாலு மாதம் புழங்கினால் இவருக்கும் கண் பழகிவிடும். ஐஎஸ்ஓ 9241-11 தரநிலை, பயன்பாட்டு எளிமையை இன்ன பயனர், இன்ன இலக்கு, இன்ன சூழல் என்று குறித்துத்தான் அளக்கச் சொல்கிறது. சென்னைத் தரமணி ஏசி அறையில் சுலபமாக இருந்தது, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு ஏறிய பிறகும் சுலபமாக இருக்குமா?

அதை ஆளைக் கவனித்துத்தான் அறிய முடியும். 1980களில் ஐபிஎம் ஆய்வகத்தில் ஜான் கரோல் குழுவினர், அலுவலகப் பணியாளர்கள் வேர்ட் ப்ராசஸர் கற்பதைப் பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். கையேட்டை வரிசையாகப் படிக்கப் பலருக்குப் பொறுமையில்லை. நேரே வேலையில் இறங்கி மாட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்து வெட்டிச் சுருக்கிய கையேட்டில் கற்றவர்கள் வேகமாகத் தேறினார்கள். கரோல் உளவியல்காரர். 1993இல் ஜோசப் டூமாஸுடன் சேர்ந்து பயன்பாட்டுச் சோதனைக்கு வழிகாட்டி நூல் எழுதிய ஜினி ரெடிஷ், மொழியியல் படித்து, ஆவணங்களை எளிமையாக்கும் வேலை வழியாக வந்தவர். இரண்டு பேரும் எழுத்தையும் கவனித்தார்கள், ஆளையும் கவனித்தார்கள்.

இப்படிக் கவனிக்கச் செலவும் அதிகமில்லை. ஐந்து பேரைக் கவனித்தாலே பெரும்பாலான கோளாறுகள் தெரிந்துவிடும் என்பது பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் சொன்ன கணக்கு.

மேலாளர்களே, அடுத்த முறை எழுத்தாளர் யோசனையோடு வந்தால், எத்தனை பேர் எந்தத் திரையில் நின்றுபோனார்கள் என்று கேளுங்கள். பதில் இருந்தால் திரையை மாற்றுங்கள். இல்லையென்றால் பயணப்படி கொடுத்து அவரைச் செம்மேட்டுக்கு அனுப்புங்கள்.