பிறந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கலாமா?

குழந்தை பிறந்ததும் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ நாவில் தொட்டு வைக்கும் பழக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. 'சேனை வைப்பது' என்பார்கள். சிலர் இதையே தஹ்னீக் என எண்ணுகிறார்கள்.

நபி (ஸல்) அவர்கள் தஹ்னீக் செய்தது பேரீச்சம்பழத்தால். அஸ்மா (ரலி) அவர்கள் குபாவில் பெற்றெடுத்த அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களுக்குப் பேரீச்சம்பழத்தை மென்று வாயில் தடவினார்கள் என்பது புகாரியில் உள்ளது.

தேனில் நிவாரணம் உண்டென்று குர்ஆன் (16:69) கூறுகிறது. ஆனால் எந்த மருந்துக்கும் வயது வரம்பு உண்டு. தேனில் சில வேளை 'கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம்' என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். பெரியவர்களைப் பொதுவாகப் பாதிக்காத அவை, பச்சிளம் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சைச் சுரக்கும். மலச்சிக்கல், பால் குடிக்கச் சக்தியின்மை, மெலிந்த அழுகை, உடல் தளர்ச்சி ஆகியவை அறிகுறிகள். மூச்சே தடைபடலாம். வீட்டில் காய்ச்சினாலும் அந்த வித்துகள் அழியாது. எனவே ஒரு வயது நிறையும்வரை ஒரு துளித் தேனும் வேண்டாம்.

தஹ்னீக் செய்ய விரும்புவோர் மருத்துவரிடம் கேட்டு, கைகளைச் சோப்பால் கழுவி, நன்கு மசித்த பழத்தை மிகச் சிறிதளவு மேலண்ணத்தில் தடவினால் போதும். சளி, காய்ச்சல், வாய்ப்புண் உள்ளவர்கள் விலகியிருக்கட்டும்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்குங்கள். மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். குழந்தைக்கு முதல் நோய்த்தடுப்பு அதுவே. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரும் தேவையில்லை. பாலூட்டலை முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள் என அல்லாஹ் (2:233) வழிகாட்டியிருக்கிறான்.