வயிற்றுக்கு ஒரு பை!

புதுக்கோட்டைக்காரரிடம் 'தை மாதம் என்ன விசேஷம்?' என்று கேட்டுவிடாதீர்கள். தச்சங்குறிச்சி, விராலிமலை என்று வாடிவாசல் பட்டியலே வாசிப்பார். 2019-ல் விராலிமலையில் மட்டும் அவிழ்த்த காளைகள் 1,300-க்கும் மேல்! மாடு முட்டி இரண்டு பேர் பலி.

கொம்பு கிழித்துக் குடல் சரிந்தால்? உள்ளே தள்ளி உடனே தைக்கணும் என்பீர்கள். கணக்கை அன்றன்றே முடிப்பது பி.காம். படித்த எங்கள் கட்சி. சர்ஜன் கட்சி வேறே! வீங்கிய குடலை அமுக்கித் தைத்தால் பிரஷர் ஏறி கிட்னி மக்கர் பண்ணும், மூச்சு முட்டும். அதனால் சில கேஸ்களில் வயிற்றைத் திறந்தே வைக்கிறார்கள்.

மூடி? 1984-ல் கொலம்பியாவின் போகோடா நகர டாக்டர் போராயிஸ், சலைன் பையை வெட்டி விளிம்போடு தைத்தார். பெயரே 'போகோடா பை' ஆயிற்று! வீக்கம் வடிய வடிய, கொஞ்சம் கொஞ்சமாக மூடுவார்கள்.

தம்பிகளா, சரிந்த குடலைத் தள்ளாதீர்கள். ஈரமான சுத்தத் துணியால் மூடி, சோடா கீடா கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!