எலிகள் சொன்ன அளவு

வீட்டில் சுட்ட முறுக்கு சில வாரங்களில் சிக்கு வாடை வீசுகிறது. பாக்கெட் முறுக்கோ மாதக்கணக்கில் கெடுவதில்லை. காற்றுப் புகாத உறை அதற்கு ஒரு காரணம். எண்ணெய் காற்றோடு கூடிக் கெடாமல் தடுக்கச் சில பண்டங்களில் சேர்க்கப்படும் செயற்கைப் பொருள் மற்றொரு காரணம். பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சி அனிசோல், சுருக்கமாகப் பி.எச்.ஏ., அவற்றுள் ஒன்று. உறையில் இதன் எண் 320.

அம்மா தறியை விட்டு எழ முடியாத நாளில் தம்பி தங்கையர் தின்பது இத்தகைய பாக்கெட் பண்டமே. ஆகவே இது தீங்கற்றதா என்று நாம் கேட்பது நியாயமே.

இதற்கு விடை தேட விஞ்ஞானிகள் எலிகளை நாடினர். எலிக்கு உணவூட்டி ஆராய்வது நமக்குப் புதிதன்று. நீலகிரிக் குன்னூரில் 1920களில் டாக்டர் ராபர்ட் மக்காரிசன் இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்கு அளித்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார்.

பி.எச்.ஏ. பற்றிய முக்கிய ஆய்வு ஜப்பானில், நகோயா நகரப் பல்கலைக்கழகத்தில், நோபுயுகி இடோ குழுவினரால் நடந்தது. எலிகளை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வெறும் தீனி, மற்றவற்றிற்கு 0.5 சதவீதமும் 2 சதவீதமும் பி.எச்.ஏ. கலந்த தீனி. இவ்வாறு 104 வாரங்கள் ஊட்டினர். இது எலியின் ஆயுளில் பெரும்பகுதியாகும். 1983இல் வெளியான முடிவின்படி, 2 சதவீதம் உண்டவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிற்கு முன் இரைப்பையில் புற்றுநோய் தோன்றியது. 0.5 சதவீதப் பிரிவில் புற்றுநோய் காணப்படவில்லை.

உடனே அஞ்சிவிடலாமா? முன் இரைப்பை எலிக்கு உண்டு, மனிதனுக்கு இல்லை. மேலும் 2 சதவீதம் என்பது 1 கிலோ தீனியில் 20 கிராம். சர்வதேச உணவு நெறியான கோடெக்ஸ் 1 கிலோ எண்ணெயில் அனுமதிப்பதோ 200 மில்லிகிராம் வரையே. நூறில் ஒரு பங்கு!

ஆயினும் அலட்சியம் கூடாது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்துள்ளது. விலங்குகளில் கேடு காணாத அளவைப் பொதுவாக நூறால் வகுத்தே மனிதருக்குரிய அளவை நிர்ணயிப்பார்கள். 1988இல் உலக நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் வரை என்று வரையறுத்தது.

கணக்கிட்டுப் பார்ப்போமா? 40 கிலோ எடையுள்ள நமக்கு 20 மில்லிகிராம். உச்ச அளவு கலந்த எண்ணெயில் அது 100 கிராமுக்குச் சமம். 12 கிலோ எடையுள்ள தம்பிக்கோ 6 மில்லிகிராம். 30 கிராம் எண்ணெய் போதும். பாக்கெட் ஒன்றுதான்; உண்ணும் உடல் சிறியதாகும்போது எல்லையும் சுருங்குகிறது.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பர் நம் பெரியோர். அந்த அளவைக் கண்டறிய இறைவன் படைத்த சிற்றுயிர்கள் பல தம் உயிரை ஈந்துள்ளன. அந்த ஈகை வீணாகலாமா? ஆதலால் தோழியரே, பாக்கெட்டைப் பிரிக்குமுன் உறையைப் படிப்போம். சின்னஞ்சிறுவர் கையில் வேர்க்கடலையோ வாழைப்பழமோ கொடுப்போம்.