பட்டம் பறக்கவிட எங்கெல்லாம் தடை? காப்பீடு கட்டாயமா? - முழு விவரம்

புதுடெல்லி: ஜனவரியில் குஜராத்தின் உத்தராயணம், ஆகஸ்டில் டெல்லியின் சுதந்திர தினம் எனப் பட்டங்கள் வானை நிறைக்கும் நாட்கள் நம் நாட்டில் பல. காகிதப் பட்டங்களுடன், ஆளையே இழுத்துச் செல்லும் 'பவர் கைட்' எனப்படும் பெரிய துணிப் பட்டங்களும் இப்போது கடற்கரைகளில் பறக்கின்றன. இவற்றை எங்கு பறக்கவிடலாம், விபத்து நேர்ந்தால் இழப்பை ஈடுசெய்வது யார் என்பதை இங்கே காண்போம்.

சட்டத்தின் பார்வையில் பட்டமும் விமானமே!

1934ஆம் ஆண்டின் விமானச் சட்டம், பலூன், கிளைடர் ஆகியவற்றோடு பட்டத்தையும் 'விமானம்' என்ற வரையறைக்குள் சேர்த்திருந்தது. அதற்கு மாற்றாக 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய வாயுயான் அதினியமும் அவ்வாறே வரையறுக்கிறது. உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து நேரும் வகையில் விமானத்தைப் பறக்கவிடுவோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க அதில் இடமுண்டு.

ஆயினும் பட்டம் விடுவதே குற்றமாகாது. அதனை முற்றிலும் தடை செய்யக் கோரிய மனுவை 2022 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை.

எங்கெல்லாம் கூடாது?

விமான நிலையங்களின் சுற்றுப்புறம், விமானங்கள் ஏறி இறங்கும் பாதை ஆகியவை முதலில் தவிர்க்க வேண்டிய இடங்கள். அடுத்தது மின்கம்பிகள். மின்மயமான ரயில் பாதைகளின் மேல்நிலைக் கம்பிகளில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. ஈரமான நூலும், உலோகம் கலந்த நூலும் அதனைக் கடத்தி உயிரைப் பறிக்கக்கூடும். சுதந்திர தினத்தையொட்டி செங்கோட்டைப் பகுதியில் காவல்துறை தனிக் கட்டுப்பாடுகளை விதிக்கிறது.

எந்த இடமானாலும் நைலான், செயற்கை இழை மாஞ்சா நூலுக்கு அனுமதியில்லை. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நாடு முழுவதும் அதற்குத் தடை விதித்தது.

'பவர் கைட்' ஏன் வேறு?

இரண்டு அல்லது நான்கு கயிறுகளால் இயக்கப்படும் இப்பட்டங்களின் ஆற்றல் காற்றின் வேகத்தைப் பொறுத்தது. வேகம் இருமடங்கானால் இழுவிசை நான்கு மடங்காகும். எனவே காற்று வீசும் திசையில் மக்கள், படகுகள், மின்கம்பங்கள் இல்லாத திறந்தவெளியே ஏற்றது. இருபுறமும் கடல் சூழ்ந்த ராமேஸ்வரம், தென்மேற்கு, வடகிழக்குப் பருவக்காற்று இரண்டிலும் இவ்விளையாட்டுக்கு ஏற்ற இடமாக அறியப்படுகிறது. எனினும் அருகிலுள்ள மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவில் அடங்கியவை. அங்கு வனத்துறையின் அனுமதியின்றி நுழைய இயலாது.

காப்பீடு அவசியமா?

வாகனங்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். பட்டத்துக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. ஆனால் பொறுப்பு நீங்குவதில்லை. கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவின்படி 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கக்கூடும். உரிமையியல் நீதிமன்றம் இழப்பீடு வழங்க ஆணையிட்டால், காப்பீடு இல்லாதவர் அதனைத் தம் கைப்பணத்திலிருந்தே செலுத்த நேரிடும். பிரிட்டனில் இவ்விளையாட்டுச் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடும் சேர்த்தே வழங்கப்படுகிறது.

பறக்கவிடுபவரின் சிகிச்சைச் செலவு தனி விவகாரம். உடல்நலக் காப்பீட்டுக்கான பொது விதிகளின்படி, சாகச விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபடுவோரின் சிகிச்சைச் செலவு விலக்கப்படலாம். பொழுதுபோக்காக விளையாடுவோரும் பாலிசி வாசகத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

மாஞ்சா நூலால் காயமடையும் இருசக்கர வாகன ஓட்டிக்கும் சிக்கல் உண்டு. அவரது வண்டியின் மூன்றாம் நபர் காப்பீடு அவருடைய காயத்துக்குப் பயன்படாது. வாகன உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் மரணம், நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்கே பொருந்தும். மருத்துவமனைச் செலவுக்கு உடல்நலக் காப்பீடே துணை.

ஆண்டுக்கு 20 ரூபாய் செலுத்தும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையிலான வங்கிக் கணக்குதாரர்கள் சேரலாம். விபத்தில் மரணம் நேர்ந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும்.